சீதனக் காணியும் கணவனின் கையொப்பமும்

சின்னம்மாவின் சீதன உறுதியை (காணிப் பத்திரத்தை) நான் முதன்முதலாக முழுமையாகப் படித்தது, மகளின் படிப்புச் செலவுக்காக வளவின் கிணற்றடிப் பக்கமாக இரண்டு பரப்பு நிலத்தை விற்க அவர் முடிவு செய்தபோதுதான். தாய் தகப்பன் அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்த காணி அது. உறுதியைப் பார்த்த நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) கேட்டது ஒன்றே ஒன்று: "உங்கட அவர் கையொப்பம் வைப்பாரோ?" சித்தப்பா வெளிநாடு போய்ப் பதினான்கு ஆண்டுகள், கடிதம் நின்று பத்து ஆண்டுகள்.

ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806 இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, பெண்ணின் சீதனத்தைக் கணவனின் முதுசத்தோடு (பரம்பரைச் சொத்தோடு) கலக்காமல் அவளுக்கே உரியதாக வைத்திருக்கிறது என்று பெருமையோடு சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமை பொய்யன்று. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளையும் வழியுரிமையையும் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. நகையை விற்க அது வேண்டியதில்லை. மரணசாசனம் எழுதவும் வேண்டியதில்லை. கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியிடம் கேட்கவும் வேண்டியதில்லை. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண்களின் சொத்துரிமையை 1923 ஆம் ஆண்டுச் சட்டமே விடுவித்துவிட்ட நாட்டில், எங்கள் பெண்களுக்கு மட்டும் இந்தத் தடை நீடிப்பதை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை.

விவாகரத்து எடுத்தால் சம்மதப் பிரச்சினை தீரும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். சின்னம்மா அதை விரும்பவில்லை. அவரை வற்புறுத்தும் உரிமையும் எவருக்கும் இல்லை. விவாகரத்துக் கோராமலே, 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு (கணவன் தரவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம்) கேட்டிருக்கலாம். ஆனால் இருக்குமிடமே தெரியாதவருக்கு எங்கே அழைப்பாணை அனுப்புவது?

வழி அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவில் இருந்தது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருப்பிடம் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, அவனுடைய சம்மதமின்றியே காணியைக் கைமாற்றக் கட்டளை பெறலாம். போரில் காணாமற்போனவர்களின் மனைவியர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மரணச் சான்றிதழை வாங்க மனம் ஒப்பாத பெண்கள், கணவன் இறந்துவிட்டான் என்று ஓரிடத்திலும் எழுதாமல், இருப்பிடம் தெரியாது என்ற உண்மையை மட்டும் சொல்லி இந்த மனுவைச் செய்யலாம்.

சின்னம்மாவுக்குக் கட்டளை கிடைத்தது. புதிய உறுதியில், சித்தப்பாவின் கையொப்பம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வழக்கு இலக்கம் இருக்கிறது.