முப்பது டிகிரி

கடலோர மருத்துவக் கல்லூரி ஒன்றில் கிருமிகளைப் பரிசோதிக்கும் நுண்ணுயிரியல் துறை எங்களுடையது. வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஒரு படிவம் வரும். உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன என்று அதில் ஒரு கேள்வி. பல வருடம் நான் "மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள்" என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. ஆனால் மதுரையில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்கிற சாம்பிளை வைத்து எழுதினால் வேலை சீக்கிரம் முடியும்.

அப்புறம் பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கடலில் பாசி எடுப்பவர். வலது மோதிர விரல் வீங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சீழை வழக்கம்போல 37 டிகிரி இன்குபேட்டரில், அதாவது கிருமி வளர்க்கும் பெட்டியில், இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தோம். கையெழுத்து என்னுடையது. அந்தத் தாளோடு அவர் நேராக லேபுக்கே வந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கீக டாக்டரம்மா. பெறகு ஏன் இந்த வெரலு மடங்க மாட்டேங்குது?"

அப்போதுதான் அவர் கையைச் சரியாகப் பார்த்தேன். விரல் நுனிகள் ஊறி வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையை இறுகப் பிடித்திருக்கும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அந்தத் துணியும் கிழிந்துவிடும்.

மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி உண்டு. காசநோய்க் கிருமியின் உறவு. 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், காட்சியகத்தில் செத்த கடல் மீன்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 30 டிகிரியில் நன்றாக வளரும்; 37-இல் சரியாக வளராது. உடம்பின் உள்சூடு அதற்கு ஒத்துவராததால் கை, விரல் மாதிரி குளிர்ந்த இடங்களில் தங்கிவிடுகிறது. படித்திருந்தேன், பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனால் சீழ் அனுப்பியவரின் தொழில் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

விரலிலிருந்து சிறு தசைத்துண்டு எடுத்து, பூஞ்சைக்கு வைத்திருந்த இன்குபேட்டரை 30-க்கு மாற்றி வைத்தோம். மூன்றாம் வாரம் வெண்மையாகச் சில புள்ளிகள். ட்யூபை வெளிச்சத்தில் வைத்தோம், மஞ்சளாக மாறின. மரைனத்தின் அடையாளம் அது. பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டோம். மாதக்கணக்கில் மாத்திரை. விரல் மடங்குகிறது, முழுதாக இல்லை. முதலிலேயே கேட்டிருந்தால் முழுதாக மடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. "வளர்ச்சி இல்லை" என்று எழுதக் காரணமான அந்தப் பிளேட்டில் கிருமி வளர்வதற்காக ஊற்றியிருந்த கூழ், அகர். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து காய்ச்சுவதும் அகர்தான். 1880-களில், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் உருகி வழிந்தபோது, அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தன் சமையலறையில் பயன்படுத்திய அகரைச் சொல்லிக் கொடுத்தார். கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது வைக்கிற கடல்பாசியும் அதே பொருள்தான். அதைக் கடலிலிருந்து எடுக்கும் கையைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை.

இந்த வருடப் படிவத்தில் "கடல் தொழிலாளர்களின் கைப்புண்கள்" என்று எழுதினேன். காது மூக்கு தொண்டைத் துறை நண்பர் சங்கு குளிப்பவர்களின் செவிப்பறையைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். சாம்பிள் சீட்டில் "தொழில்" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். பயிற்சி மருத்துவர்கள் அதைக் காலியாக விட்டால் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்.

30 டிகிரியில் இப்போது நாலு ட்யூப் இருக்கின்றன. நாலு வாரம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் வைத்திருப்போம்.