பட்டப்படிப்பு: கட்டணப் பட்டியலில் தெரியாத கணக்கு

அக்கா மகளுக்காக எங்கள் சிங்கப்பூர் வீட்டில் இப்போது நடக்கும் விவாதம், பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் தொடக்கக் கல்லூரியா, தொழில்சார் பட்டயம் (டிப்ளோமா) வழங்கும் பலதுறைத் தொழிற்கல்லூரியா என்பதுதான். முன்னதில் ஈராண்டுகள், கட்டணமும் சொற்பம். பின்னதில் மூன்றாண்டுகள், சிங்கப்பூரர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இவ்வளவோடு நிறுத்திவிட்டு முதல் வழியே மலிவு என்று முடிவுகட்டுபவர்கள் பலர். ஆனால் பட்டயச் சான்றிதழோடு பல்கலைக்கழகம் செல்பவர்களுக்குச் சில துறைகளில் பாடவிலக்கு (ஏற்கெனவே படித்த பாடங்களை மீண்டும் படிக்கவேண்டாம் என்ற சலுகை) கிடைத்துப் படிப்புக்காலம் குறைவதையும், அவர்கள் வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பட்டம் பெறலாம் என்பதையும் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. முழுநேரப் படிப்பின் பெருஞ்செலவு கட்டணமன்று, அந்த ஆண்டுகளில் கைக்கு வராத சம்பளமே என்பது என் கருத்து. (அக்கா இதை ஏற்கவில்லை.)

பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து (சம்பளத்தில் பிடிக்கப்படும் கட்டாயச் சேமிப்பு) கட்டணம் செலுத்துவதை இலவசம்போலப் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்நிதியின் ஒரு பிரிவான சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கும் அத்தொகை கடனே. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின், பிள்ளை அதை 2.5 விழுக்காட்டு வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தத் தொடங்கவேண்டும். அரசாங்கத்தின் கட்டணக் கடன் திட்டத்திலோ படிக்கும் காலத்தில் வட்டியே இல்லை. பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். ஆகவே முதலில் அதற்கு விண்ணப்பிக்கவே சொல்லியிருக்கிறேன்.

தனியார் கல்வி நிலையங்கள் வழங்கும் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அரசாங்கக் கட்டண மானியம் கிடையாது. அவ்வழியை எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.