காத்திருக்கும் பெஞ்சில் கிடைத்தவர்கள்

மருந்துக் கம்பெனிக்காக டாக்டர்களைப் பார்த்துப் பேசும் மெடிக்கல் ரெப் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போய்விடும். டாக்டரிடம் பேசக் கிடைப்பது இரண்டு நிமிஷம். அதற்காக ஒரு மணி நேரம் வெளியே உட்கார வேண்டும். நோயாளிகள் எல்லாம் முடிந்த பிறகு ரெப்களைப் பார்ப்பவர், நடுநடுவே இரண்டு பேராக விடச் சொல்பவர், குறிப்பிட்ட கிழமையில் மட்டும் பார்ப்பவர் என்று ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு வழக்கம். கார்டைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். திருநெல்வேலியை ஹெட்குவார்ட்டராக வைத்துப் பல வருஷம் இந்த வேலை பார்த்தேன். குடும்பத்துக்கு வெளியே எனக்குத் தெரிந்த ஆட்களில் பெரும்பாலோர் அந்தக் காத்திருப்பில் கிடைத்தவர்கள்.

"உனக்கு மட்டும் எப்படி ஊர் பூரா ஆள் தெரியுது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் கலகலப்பானவன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் மூலையில் நாற்காலி தேடுகிற ஆள் நான். கம்பெனி டிரெய்னிங்கில் கைகுலுக்குவது, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது, பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டரின் அறைக்குள் அது கொஞ்சம் உதவியது. வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் போய்க் கையை நீட்டினால், ஏதோ பாலிசி விற்க வந்திருக்கிறான் என்று தள்ளி உட்கார்ந்துவிடுவார்.

பெஞ்சில் பழக்கம் பிடிப்பதற்கு ஒரு நிதானம் உண்டு. வண்ணார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் ஒரு முகத்தைப் பார்ப்போம். அடுத்த நாள் பாளையங்கோட்டையில் அதே முகம். அதற்கடுத்த வாரம் அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அங்கேயும் அவர். அப்போதும் பேச்சு வராது. எப்போதாவது ஒரு சாயங்காலம், "சார் வந்துட்டாரா?" என்று அவர் கேட்பார். "இன்னும் இல்லை, ஆபரேஷன் இருக்காம்" என்போம். அவ்வளவுதான் முதல் பேச்சு. இரண்டாவது பேச்சு, "பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, டீ குடிச்சிட்டு வந்திடறேன்." பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பிறகு மனிதர்கள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை, நாங்கள் எல்லோரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள். அவரும் நானும் விற்பது ஒரே மருந்துதான். பெயர் வேறு, அட்டை வேறு. உள்ளே போய் "சார், நம்ம பிராண்டை ஞாபகம் வச்சுக்கோங்க" என்று இருவரும் அடுத்தடுத்துச் சொல்வோம். வெளியே வந்து ஒரே கடையில் புரோட்டா சாப்பிடுவோம். ஒருவரை ஒருவர் கம்பெனி பெயரால்தான் கூப்பிடுவது வழக்கம். ஆள் கம்பெனி மாறினால் கூப்பிடும் பெயரும் மாறிவிடும். சொந்தப் பெயர் தெரிவதற்கு அநேகமாக அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வர வேண்டும்.

வேலை காலியிருக்கும் செய்தி எங்களிடையே இப்படித்தான் பரவும். "கோவில்பட்டிக்கு ஆள் தேடறாங்களாம், எங்க மேனேஜர் சொன்னார்" என்று பெஞ்சில் ஒருவர் சொல்வார். கேட்டவருக்கு வேண்டாம், அவர் தென்காசியில் இன்னொருவரிடம் சொல்வார். அந்த இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிடுவார். என் இரண்டாவது வேலையும் அப்படி வந்ததுதான். சொன்னவரை அதற்கு முன்னால் நான் சரியாகப் பார்த்துப் பேசியதுகூட இல்லை. வேலை தேடுவது தெரிந்தும் என் நெருங்கிய நண்பர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த இடமெல்லாம் எனக்கும் தெரிந்த இடம்தானே.

இதை ஒருவர் கணக்குப்போட்டே காட்டியிருக்கிறார் என்று பின்னால்தான் படித்தேன். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனை அடுத்த ஒரு புறநகரில் அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்; 1973-இல் கட்டுரையாக எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருக்கமானவர்கள் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகிறார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்தான் வேறொரு வட்டத்திலிருந்து செய்தி கொண்டுவருகிறார் என்பது அவர் கண்டது. எங்கள் பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அது கிடைத்திருக்கும்.

டாக்டர், பெஞ்சு இரண்டையும் விட எனக்கு அதிகம் பேரைத் தந்தவை மருந்துக் கடைகள். எந்த டாக்டரின் சீட்டில் எந்த மருந்து வருகிறது என்று கடைகளில் விசாரித்து எழுதுவதும் ரெப்பின் வேலை. ஆர்சிபிஏ என்போம். வாசலில் நின்று, "அண்ணே, எங்க மருந்து போகுதா?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "போகுது, போகுது." கூட்ட நேரத்தில் கவுண்டரை மறைத்துக்கொண்டு நிற்பவனுக்கு வேறென்ன சொல்வார்கள்.

தென்காசியில் ஒரு கடை. முதலாளி முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒரு மத்தியானம் நான் போனபோது கவுண்டருக்குப் பின்னால் தரையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எக்ஸ்பைரி ஆன மருந்துகளைக் கொட்டி வைத்திருந்தார். எல்லாக் கம்பெனியும் கலந்து கிடந்தது. மருந்து தேதி முடிந்துவிட்டால், கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட் மூலம் திருப்பி அனுப்பிக் கணக்கைக் கழிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொன்றுக்கும் பேட்ச் நம்பர், தேதி, எத்தனை என்று பட்டியல் எழுத வேண்டும். அட்டையின் ஓரத்தில் அழுத்தி அச்சடித்திருக்கும் அந்த எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். பாதி மாத்திரை கிழித்த அட்டை என்றால் நம்பரே போயிருக்கும். கடைப் பையனும் அவரும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு எங்கள் கம்பெனி மருந்தை மட்டும் பொறுக்கி எழுத ஆரம்பித்தேன். அது முடிந்தும் டாக்டர் வர நேரம் இருந்ததால் மற்றதையும் வாசித்துச் சொன்னேன்; பையன் எழுதினான்.

அன்றைக்கு அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அடுத்த தடவையிலிருந்து கடைக்குள் எனக்கு ஸ்டூல் உண்டு. எந்த டாக்டர் என்ன எழுதுகிறார் என்று நான் கேட்காமலே வந்தது. அவர் மச்சான் வீடு பெருமாள்புரத்தில் வாடகைக்கு இருப்பதும் அங்கேதான் தெரிந்தது. அந்த வீட்டில்தான் பிறகு நாங்கள் குடியிருந்தோம். அந்தப் பையன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், என்னைவிட வசதியாக இருக்கிறான். பார்த்தால் இன்னமும் "அண்ணாச்சி, பேட்ச் நம்பர் சொல்லுங்க" என்று கிண்டல் செய்வான்.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கோட்டை பாசஞ்சரில் காலையில் ஏறுகிறவர்களுக்குப் பெட்டி, இருக்கை எல்லாம் எழுதாத ஒதுக்கீடு. வாத்தியார்கள், பேங்க்காரர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள். புது ஆள் நின்றுகொண்டுதான் வர வேண்டும். அதற்குள் நுழைய எனக்கு வழி விட்டது நாளிதழ். நான் ஒன்று வாங்குவேன், அவர்கள் வேறொன்று வாங்குவார்கள். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் பக்கம் பக்கமாகப் பிரிந்து பெட்டி முழுக்கச் சுற்றும். பேப்பரைத் திருப்பித் தர வந்தவர்கள்தான் உட்காரவும் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒன்று எங்கள் தொழிலிலேயே இருந்தது. டாக்டரின் பிறந்தநாள், திருமண நாள், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், பிடித்த விளையாட்டு எல்லாம் எழுதிக்கொடுக்க ஒரு படிவம் தருவார்கள். அந்தத் தேதியில் கேக் போகும். எல்லாக் கம்பெனியிலும் அதே படிவம், அதே தேதி என்பதால் அன்றைக்கு அந்த வீட்டில் கேக் வைக்க இடம் இருக்காது. ஒருவரைப் பற்றி இத்தனை விவரம் தெரிந்துகொண்டு அவரை இவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்துவைத்திருப்பது எங்கள் தொழிலில்தான் முடியும். 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள், டாக்டருக்கும் அவர் குடும்பத்துக்கும் பரிசு தரக் கூடாது என்கின்றன. சாம்பிளுக்கும் வரம்பு: ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு பேக்தான். கேக்கை மட்டும் நம்பியிருந்தவர்கள் புலம்பினார்கள். மருந்தைப் பற்றி நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் சொல்லும் இந்த வழியெல்லாம் ஆண்களுக்கு வாகானது என்பதையும் மறைக்கக் கூடாது. டீக்கடை, லாட்ஜ், கடைசி பஸ். எங்கள் டீமில் ஒரு அக்கா இருந்தார். டீக்கடையில் நாங்கள் அரை மணி நேரம் நிற்கலாம்; அவர் நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். அதனால் அவர் பழக்கம் பிடித்தது நர்ஸ்களிடமும் வரவேற்பில் இருக்கும் பெண்களிடமும். ஊசி போடும் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எந்த டாக்டர் எப்போது லீவு, எந்த ஆஸ்பத்திரியில் புது டாக்டர் சேர்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டு கேட்டறிந்த செய்தி அவருக்குப் பழைய செய்தியாக இருக்கும்.

இப்போது ரெப்களின் கையில் டேப்லெட் கம்ப்யூட்டர். கிளினிக் வாசலுக்குப் போய் அழுத்தினால்தான் அங்கே போனதாக ஆப் ஒத்துக்கொள்ளும். வேலை சுத்தம்தான். ஆனால் பெஞ்சில் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் ஆளில்லை, அந்தக் கனமான பையே இல்லை.

நான் ஃபீல்டை விட்டு வந்த பிறகும் புதிதாகச் சேரும் பையன்கள் சிலர் போன் செய்வார்கள். போன மாதம் ஒருவன் ஒரு குழந்தைகள் கிளினிக்கின் கம்பவுண்டர் நம்பர் கேட்டான். அவரிடம் சொல்லி உள்ளே விடச் சொல்ல வேண்டுமாம். நம்பர் தரவில்லை. "ஆறரைக்குப் போ, கூட்டம் இருக்கும். டோக்கன் கூப்பிடும்போது பாட்டிகளுக்குக் காது கேட்காது. பக்கத்தில் நின்றால் உனக்கே வேலை இருக்கும்" என்றேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அவனுக்குக் கோபம் என்று குரலில் தெரிந்தது.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "அது இருக்கட்டும் சார்" என்றான். கம்பவுண்டரின் மகள் பி.ஃபார்ம் சேரப் பார்க்கிறாளாம். பக்கத்தில் எந்தக் கல்லூரி நல்லது என்று விசாரித்துச் சொல்வதாக இவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எனக்கும் அதில் விவரம் போதாது. டவுனில் எங்கள் பழைய ஸ்டாக்கிஸ்ட் அண்ணாச்சியின் மருமகள் பி.ஃபார்ம் படித்தவள். கடைக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் அண்ணாச்சி சும்மா இருப்பார், போய்க் கேள் என்றேன்.