ரோபோ நாயும் இரும்புக்கையும்: தலைப்பு மறந்த தொடர்கதையைத் தேடிப் பிடித்த விதம்

தலைப்பு மறந்துபோன ஒரு தொடர்கதையைத் தேடத் தொடங்கும்போது, படித்தவர் நினைவில் இருந்தவை நான்கு துண்டுகள். பேசுகிற, புத்தகம் படிக்கிற இயந்திர நாய். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு பெண். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும் மனிதன். நாட்டை ஆண்ட தலைவன் உண்மையில் ஆளே இல்லை, வெறும் ஒளியுருவம் என்ற முடிவு. படித்தது வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு. அப்படிப்பட்ட பைண்டில் தலைப்புப் பக்கமும் ஆசிரியர் பெயரும் தப்பிப் பிழைப்பது அபூர்வம்.

முதல் சுற்று: நான்கையும் ஒரே வரியில் போட்டுத் தேடியதில் ஒன்றும் சிக்கவில்லை. 'ரோபோ', 'ரோபாட்', 'இயந்திர', 'எந்திர' என்று எழுத்தை மாற்றிப் போட்டும் பலனில்லை.

இரண்டாம் சுற்று: காலத்தைக் குறுக்குவது. இதற்கு எழுத்து வடிவம் நல்ல தடயம். லை, னை போன்றவை யானைத் தும்பிக்கை போலக் கொம்பு வளைந்து நின்றனவா, இன்றைய வடிவமா? தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978-இல். பத்திரிகைகள் உடனே மாறவில்லை. அதனால் பழைய வடிவம் இருந்தால் 1978-க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. புதிய வடிவம் என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஓவியத்தின் மூலையில் 'ஜெ...', 'ம.செ.', 'மாருதி' என்று கையெழுத்து நினைவிருந்தால் அதுவும் உதவும். இங்கே எழுத்து புதியது.

மூன்றாம் சுற்றில்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஒவ்வொரு துண்டாக விலக்கி, மீதி மூன்றையும் தேட வேண்டும். இரும்புக்கையை விலக்கியதும் மற்ற மூன்றும் ஒரே கதையில் போய் விழுந்தன: சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'. கதை நடப்பது 2021-இல். நாய் ஜீனோ, பெண் நிலா, தலைவன் ஜீவா. இரும்புக்கை வேறு இடத்துச் சரக்கு. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி அது. ஒரே வயதில், ஒரே அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தவை இப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சகஜம். ஒத்துவராத துண்டைக் கதைக்குள் திணிக்காமல் தனியே தேடினால் அதற்கும் விடை கிடைத்துவிடுகிறது.

சரிபார்க்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, படித்தவரிடம் "நாயின் பெயர் ஜீனோதானே?" என்று கேட்பது. பெயரைக் காதில் போட்டதுமே நினைவு 'ஆமாம்' என்று சொல்லிவிடும். பொய்ப்பெயர் இரண்டைக் கலந்து, மூன்றில் எது என்று கேட்க வேண்டும். இன்னும் நல்லது, பெயர்களில் ஏதாவது விசேஷம் உண்டா என்று பொதுவாகக் கேட்பது. அந்தக் கதை உலகில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். அது தானாக வந்து விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் இரண்டு குழப்பங்கள். நிலா ராணியாக இருந்தது நினைவில் நின்றால், படித்தது அடுத்த பாகமான 'மீண்டும் ஜீனோ'வாக இருக்கலாம். நாய் ஓடியதும் அதன் குரலும் நினைவிருந்தால், அது இதே கதையைப் படமாக்கிய தூர்தர்ஷன் தொடரில் பார்த்தது.

கதையைப் படிக்க மட்டும் என்றால் நூல் வடிவம் போதும். பைண்டில் பார்த்த அதே ஓவியங்கள் வேண்டுமென்றால் விகடன் இதழ்த் தொகுப்புகளையே தேட வேண்டும். சென்னையில் கன்னிமாரா, ரோஜா முத்தையா நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். இதழின் பெயரோடு ஆண்டையும் குறித்துக்கொண்டு போவது நல்லது.