ரீனோ, கியூபிக், பிபிஆர்: வேகம் மட்டும் அளவுகோலா?

இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையில், அனுப்பும் வேகத்தை நிர்ணயிக்கும் ரீனோ, கியூபிக், பிபிஆர் போன்ற நெரிசல் கட்டுப்பாட்டு அல்காரிதங்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் இணைப்பை ஓடவிட்டு, எது வேகமாக முடிக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். இது போதாது என்பதே என் உறுதியான கருத்து. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் சென்ற பாதை நெரிசலால் 40 பிட்டுக்குச் சரிந்தது. 1988இல் வேன் ஜேக்கப்சன் வகுத்த தீர்வு, பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதாக அமைந்தது. பலர் பகிரும் பாதையைக் காப்பதுதான் தொடக்கத்திலிருந்தே நெரிசல் கட்டுப்பாட்டின் வேலை.

ரீனோ, இழப்பு நேர்ந்தவுடன் விண்டோவை (பதில் வரும் முன் அனுப்பக்கூடிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை) பாதியாக்கி, பிறகு போய்வரும் சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஏறும். நொடிக்கு 1 கிகாபிட் வேகமும் 100 மில்லிநொடி போய்வரும் நேரமும் கொண்ட பாதையை நிறைக்க, 1,500 பைட் அளவில் சுமார் 8,300 பாக்கெட்டுகள் வேண்டும். ஓர் இழப்புக்குப் பின் ரீனோ அந்த அளவை மீண்டும் எட்ட ஏறத்தாழ 4,150 சுற்றுகள், அதாவது கிட்டத்தட்ட 7 நிமிடங்கள் ஆகும். கியூபிக் 70 சதவீதத்துக்கு மட்டுமே இறங்கி, கடைசி இழப்பிலிருந்து கழிந்த நேரத்தின் முப்படிச் சார்பாக ஏறுவதால், சுமார் 18 நொடிகளில் மீண்டுவிடும். 2006 முதல் லினக்ஸில் அதுவே இயல்புத் தேர்வாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் இவ்விரண்டும் இழப்பு நேரும்வரை ஓய்வதில்லை. ரூட்டரின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடம்) பெரிதாக இருந்தால் அதை நிரப்பிவிடும், அதே வழியில் வரும் வீடியோ அழைப்பு வரிசையில் காத்துக் கிடக்கும். தாமதம் கூடுவதையே அறிகுறியாகக் கொண்ட வேகாஸ் என்ற அல்காரிதம் 1994இலேயே வந்துவிட்டது. நல்ல யோசனைதான், எனினும் ரீனோவுடன் ஓடும்போது விட்டுக்கொடுத்தே தன் பங்கை இழந்துவிடும்.

2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர், பாதையின் உச்ச வேகத்தையும் மிகக் குறைந்த போய்வரும் நேரத்தையும் தானே அளந்து அனுப்புகிறது. நெரிசல் அல்லாத காரணங்களால் பாக்கெட் தொலையும் நெடுந்தூரப் பாதைகளில் அதன் ஆற்றல் தெளிவாகத் தெரியும். ஆனால் பஃபர் சிறிதாக உள்ள இடத்தில் அதன் முதல் பதிப்பு, இழப்பைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து அனுப்பி, உடன் ஓடும் கியூபிக்கின் பங்கைப் பறித்துக்கொள்ளும். பிந்தைய பதிப்புகள் இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சர்வரில் எதை மாற்றுவதானாலும், பக்கத்தில் ஒரு கியூபிக் இணைப்பையும் தாமதத்தை அளக்கும் இடைவிடாத பிங்கையும் ஓடவிட்டு, அவை எவ்வளவு பாதிக்கப்படுகின்றன என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.