இன்னும் மூன்று வண்டி

பதினோரு வருடம் தனியாகவே பைக் ஓட்டியவன் நான். ஒரு டூரிங் கிளப்பில் சேரப்போகிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" இரண்டாவது கேள்வி, முதுகில் மண்டையோடு போட்ட கறுப்புத் தோல் சட்டை வாங்கப்போகிறாயா என்பது. இல்லை என்றேன். இவர்கள் சும்மா ஊர் சுற்றுகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் ஓட்டுவார்கள், கலைந்துவிடுவார்கள். ரேஸ் கிடையாது, மண்டையோடும் கிடையாது. மூன்று பயணங்கள் விருந்தாளியாகப் போக வேண்டும். அதற்கப்புறம் அவர்களுக்கு நம்மையும் நமக்கு அவர்களையும் பிடித்திருந்தால் உறுப்பினர்.

முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் பக்கத்தில் பத்துப் பேர் வந்தாலும் தனியாள்தான். மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்காகவே பலர் காதில் பஞ்சுபோல அடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள். பேச முடியாது, முகம் தெரியாது, இதில் கூட்டம் எதற்கு?

ஆனால் இந்தக் கூட்டம் சேரும் ஆசை மோட்டார் சைக்கிளுக்குக் கிட்டத்தட்ட கூடவே பிறந்தது. மியூனிக்கில் ஹில்டெபிராண்ட், வோல்ஃப்முல்லர் என்ற கம்பெனி 1894-ல் முதன்முதலாக இந்த வண்டியை வரிசையாகத் தயாரித்து விற்றது. அப்புறம் ஒன்பதே வருடம். 1903-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓட்டுகிறவர்கள் கூடி அமெரிக்க அளவில் ஒரு கூட்டமைப்பையே தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருடமே பாரிஸில் சர்வதேசக் கூட்டமைப்பு. சாலைகூடச் சரியாக இல்லாத காலம். வண்டி வழியில் நின்றுபோனால் தள்ள ஆள் வேண்டுமே என்று சேர்ந்திருப்பார்களோ என்னவோ.

காலை ஐந்தரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு வண்டிகள் நின்றன. எனக்குப் பின்னால் ஒன்று வந்தது, மொத்தம் பதினான்கு. யாரும் கை கொடுத்து வரவேற்கவில்லை. நரைத்த தாடி வைத்த ஒருவர் நேராக என் வண்டியின் பக்கத்தில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதைக் கடைசியா எப்போ டைட் பண்ணீங்க தம்பி?"

சர்வீஸில் பார்த்திருப்பார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் இந்தப் பதிலை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. என் வண்டியின் கையேடு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம் என்கிறது. இருந்தது அதைப்போல இரண்டு மடங்கு. அவரே ஸ்பேனர் எடுத்து வந்தார். பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினார். ஒரு பக்கம் கூடுதலாகத் திருப்பினால் சக்கரம் கோணலாகிவிடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, செயின் எந்த இடத்தில் அதிகமாக இறுகுகிறதோ அங்கே அளந்தார். "சுத்தமா ஆட்டமே இல்லாமயும் வைக்கக் கூடாது. நீங்க ஏறி உட்கார்ந்ததும் பின்னாடி சஸ்பென்ஷன் அமுங்கும், செயின் இன்னும் இழுக்கும்." பதினைந்து நிமிடம் ஆனது. பன்னிரண்டு பேர் சும்மா நின்றார்கள். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அப்புறம் வட்டமாக நிற்கவைத்து விதிகள் சொன்னார்கள். சொன்னவர்தான் அன்றைய லீட், எல்லோருக்கும் முன்னால் போய் வழிநடத்துபவர். ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. நேர்ச்சாலையில் ஒருவர் நடுக்கோட்டை ஒட்டி, அடுத்தவர் ஓரத்தை ஒட்டி, மாற்றி மாற்றிப் போக வேண்டும். குறுக்கே இருப்பவரிடமிருந்து ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டு விநாடி. இரண்டு விநாடி என்றால் கொஞ்சம் போலத் தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது 33 மீட்டர். அவ்வளவு இடைவெளியை நான் அதுவரை யாருக்கும் விட்டதில்லை. யாருடைய டேங்க் சின்னதோ அவர் கணக்கில்தான் எல்லோரும் பெட்ரோலுக்கு நிற்பது. லாரியை முந்தும்போது முன்னால் போனவரை நம்பிப் பின்னாலேயே போகக் கூடாது. "அவருக்கு இருந்த கேப் உங்களுக்கு இருக்காது. அவரவர் கண்ணு, அவரவர் முடிவு."

கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்க எனக்கு நேர் பின்னாடி வாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது போல. பதினோரு வருடம் ஓட்டியவன் ஐயா நான் என்று சொல்ல வாய் வந்தது, செயின் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். காரணம் சாலையில்தான் விளங்கியது. லீட் ஒரு வளைவைத் தாண்டி வேகம் எடுப்பார். அடுத்தவர் அதைப் பார்த்த பிறகு எடுப்பார், அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தாமதமாக. ஆளுக்கு ஒரு விநாடி என்றாலும் பதினாலாவது வண்டிக்குப் போவதற்குள் அது பெரிய இடைவெளியாகிவிடும். ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி. லீட் 60-ல் நிதானமாகப் போக, கடைசியில் இருப்பவர் பிடிப்பதற்காக 80-ல் விரட்டிக்கொண்டிருப்பார். புதியவனை வாலில் விட்டால் அந்த விரட்டலில்தான் விழுவான். எனவே புதியவன் முன்னால், அவன் வேகமே அத்தனை பேரின் வேகம். அதாவது அந்தப் பதின்மூன்று பேரும் அன்று என் வேகத்தில் வந்தார்கள். இது எனக்குக் கௌரவமாகப் பட்டதா கூச்சமாகப் பட்டதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

வாலில் இருப்பவர் பெயர் ஸ்வீப். அன்று ஸ்வீப் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், கண் கூசும் பச்சை மஞ்சள் ஜாக்கெட். கூட்டத்திலேயே அனுபவம் அதிகம் உள்ளவரைத்தான் கடைசியில் விடுவார்களாம், முன்னால் நடந்த எல்லாக் குளறுபடியும் கடைசியில் அவரிடம் வந்து சேரும் என்பதால். பஞ்சர் ஒட்டும் சாமான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் வண்டியில்தான்.

முதல் எண்பது கிலோமீட்டர் சமவெளி. சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. இடது கை கிளட்சிலிருந்து எடுத்துச் சைகை காட்டுவது இவர்கள் மொழி. டேங்கைத் தட்டினால் பெட்ரோல். ஒரு காலை வெளியே நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளமோ கல்லோ கிடக்கிறது. ஒரு விரல் தூக்கினால் ஒற்றை வரிசை, இரண்டு விரல் என்றால் மாற்று வரிசை. இவ்வளவும் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு இடத்தில் லீட் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினார். குழந்தைக்கு டாட்டா காட்டுவது போல. நல்ல மனிதர், சகஜமாகிவிட்டார் என்று நினைத்து நானும் சந்தோஷமாக விரித்து மூடிக் காட்டினேன். அவர் மறுபடி காட்டினார். நானும் மறுபடி. இப்படியே நான்கு கிலோமீட்டர். பெட்ரோலுக்கு நின்றபோதுதான் சொன்னார், அதற்கு அர்த்தம் 'உன் இண்டிகேட்டர் அணையாமல் எரிகிறது' என்று. பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் நான் எப்போது திரும்புவேன் என்று காத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

மலையடிவாரத்தில் எல்லோரையும் நிறுத்தினார்.

"இனிமே ஒத்தை வரிசை. வளைவுல உங்க லேனோட முழு அகலமும் உங்களுக்கு வேணும். முன்னாடி போறவரோட பின் லைட்டைப் பாக்காதீங்க, நீங்க போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பாருங்க. கண்ணு போற இடத்துக்குத்தான் வண்டி போகும். யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம், அவரவர் வேகத்துல வாங்க. திருப்பத்துல ஆள் நிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "முதல் திருப்பம் உங்களது. நிப்பீங்களா?"

டிராப் ஆஃப் என்று அதைச் சொல்கிறார்கள். வழி பிரியும் இடத்தில் லீட் விரலால் தரையைக் காட்டுவார். நேர் பின்னால் வருபவர் அங்கே பத்திரமான இடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நின்று வழி காட்ட வேண்டும். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். அடுத்த பிரிவில் இரண்டாம் இடத்துக்கு வந்திருப்பவர் நிற்பார். நின்றவர் ஸ்வீப் வரும் வரை நகரக் கூடாது. வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். இவ்வளவுதான் விதி. வரைபடம் வேண்டாம், போன் வேண்டாம், ஒருவர் பார்வையில் இன்னொருவர் இருக்க வேண்டியதுகூட இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறியது, மரங்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்தது, கீழே அணையின் தண்ணீர் தகடு மாதிரி தெரிந்தது எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாளில் எனக்கு நினைவில் நிற்பது நான் ஓட்டாமல் நின்ற நாற்பத்தைந்து நிமிடம்.

அணையைத் தாண்டி ஒரு பிரிவு. பெரிய சாலை நேராகப் போகிறது, எங்கள் சாலை சின்னதாகக் காட்டுக்குள் ஏறுகிறது. லீட் தரையைக் காட்டினார். ஒதுங்கி நிறுத்தினேன். அவர் சத்தம் காட்டுக்குள் தேய்ந்து மறைந்தது. வண்டியின் மூக்கைச் சின்னச் சாலைப் பக்கம் திருப்பி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் தலையை அசைத்தார்கள், தாடிக்காரர் இரண்டு விரலை உயர்த்தினார். எண்ணிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு வர வேண்டும், ஒன்பது வந்தன. அதோடு நின்றுவிட்டது.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். போனில் சிக்னல் இல்லை. தூறல் ஆரம்பித்தது. ரொம்ப நாள் காய்ந்த சாலையில் விழும் முதல் மழைதான் மோசம். தாரில் ஊறிக் கிடக்கும் எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வந்துவிடும், கொஞ்ச நேரம் கொட்டிக் கழுவிவிட்டால் பரவாயில்லை. இது தெரிந்திருப்பது நிற்கிறவனுக்கு நல்லதில்லை. நான் ஏறி வந்த வளைவுகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ விழுந்து கிடந்தார்கள்.

நடுவில் ஒரு கார் வந்தது. என் நீட்டிய கையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, பணிவாகச் சின்னச் சாலையில் திரும்பிப் போய்விட்டது. அவர்கள் அந்தப் பக்கம்தான் போக வேண்டியவர்களாக இருக்கட்டும்.

இருபத்தைந்து நிமிடம் ஆனபோது ஹெல்மெட்டை மாட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட வேண்டும். தனியாக வந்த நாட்களில் என்றால் எப்போதோ போயிருப்பேன், என் கால், என் வண்டி. ஸ்டார்ட் பட்டனில் விரலை வைக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நான் கீழே போகும்போது அவர்கள் வந்தால் வழியில் பார்த்துக்கொள்வோம், சரி. ஆனால் வளைவுக்குள் ஓட்டுகிறவர் எதிரே வரும் வண்டியைக் கவனிக்காமல் மேலே வந்துவிட்டால்? இந்தப் பிரிவில் ஆள் இல்லை என்றால் நேராகப் போ என்று அர்த்தம். நேராகத்தான் போவார்கள். எனக்கு முன்னால் அடுத்த பிரிவில் இன்னொருவர் இதே மழையில் நிற்பார், அதற்கடுத்து இன்னொருவர். நான் இந்த இடத்தை விட்டால் அவர்கள் எல்லோரும் வராத ஆட்களுக்காகச் சாயங்காலம் வரை நிற்பார்கள். அவர்களுக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. செயின் தொங்கிய ஆள் என்று தெரியும்.

இறங்கினேன். பேட்டரி தீரும் என்று தோன்றியும் இண்டிகேட்டரை அணைக்கவில்லை.

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் வளைவில் மூன்று ஹெட்லைட். முன்னிரண்டும் என்னைத் தாண்டித் திரும்பின. கடைசியாகப் பச்சை மஞ்சள் ஜாக்கெட். அக்கா வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "ஆணி. சாயங்காலம் காட்றேன், இவ்ளோ நீளம். ஏறுங்க தம்பி" என்றார். டயரின் நடுவில் ஏறிய ஆணி, டியூப்லெஸ் என்பதால் திரி வைத்து அடைத்துவிட்டார்கள். ஆனால் இருந்த குட்டி பம்பில் காற்று ஏற்றவே அவ்வளவு நேரம். நான் நின்றதற்கு அவர் நன்றி சொல்லவில்லை. நின்றிருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்த மாதிரி தெரியவில்லை.

அவருக்கு முன்னால் சேர்ந்துகொண்டேன். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி அடுத்த பிரிவு. மழைக்கோட்டு கொண்டுவராத ஒரு பையன் தொப்பலாக நனைந்து, கையை நீட்டியபடி நின்றான். எங்களைப் பார்த்ததும் அவன் தோள் இறங்கியது இங்கிருந்தே தெரிந்தது. நான் தாண்டும்போது நீட்டிய கையின் விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினான்.

கை பதிலுக்குத் தானாக எழுந்துவிட்டது. பாதியில் குனிந்து பார்த்தேன். இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது.