பக்கத்தில் நிற்பவரின் பொறுப்பு

கொங்கு நாட்டுக்காரர்கள் மரியாதையாகப் பேசுபவர்கள் என்று தமிழ்நாடு முழுவதும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பொய்யில்லை. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் காந்திபுரம் பேருந்து நிலையத்திலோ ஈரோட்டுச் சந்தையிலோ சற்று நேரம் நின்று கவனித்தால், அந்த மரியாதை எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை என்பது தெரிந்துவிடும். காரிலிருந்து இறங்குபவரிடம் குழைகிற அதே வாய், குப்பை அள்ளும் பெண்ணிடமும், மூட்டை தூக்குபவரிடமும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞரிடமும் எடுத்த எடுப்பிலேயே ஏகவசனத்துக்கு இறங்கிவிடுகிறது. பொது இடத்தில் ஒருவர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டால் அவரை என்ன செய்யலாம் என்றே நாம் பெரும்பாலும் யோசிக்கிறோம். அவமானப்பட்டவர் பக்கத்தில் யார் போய் நிற்பது என்ற கேள்வி அதற்கு முன்னால் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்பது வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம். அப்படி ஒரு மாலையில் ஒரு பேக்கரியில், இருபது வயது மதிக்கத்தக்க வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் டீயும் பன்னும் வாங்கிவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். கல்லாவில் இருந்தவருக்கு அன்று அது எத்தனையாவது ஐந்நூறோ, தாளை மேசைமேல் விட்டெறிந்து, அந்தப் பையனின் ஊரையும் பிறப்பையும் சேர்த்துத் திட்டத் தொடங்கினார். பையனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரிந்திருக்காது. குரல் புரிந்தது, முகம் சுருங்கிவிட்டது. கடைக்குள் பத்துப் பேருக்குமேல் இருந்தார்கள். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் செல்போனை உயர்த்திப் படம் பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

ஓரமாக நின்றிருந்த பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் நேராகக் கல்லாவுக்குப் போகவில்லை. முதலில் பையனிடம் வந்து தோளைத் தொட்டு, “நீங்க டீயைக் குடிங்க தம்பி” என்றார். அதன் பிறகுதான் கடைக்காரர் பக்கம் திரும்பி, அருகில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், “ஏனுங்க, சில்லறை இல்லீன்னா இல்லீன்னு சொல்லுங்க. காசு குடுத்துத்தானுங்களே குடிக்கறாரு?” என்று கேட்டார். உடனே இன்னொருவர், “எங்கிட்ட நூறா இருக்குதுங்க” என்று ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். கடைக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் திட்டுவதை நிறுத்திவிட்டு, மீதியை எண்ணிப் பையனின் கையில் கொடுத்தார்.

இதைவிடச் சிறந்த பதில் ஒன்று இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர் கத்தியிருந்தால் கடைக்காரரும் கத்தியிருப்பார், சண்டை இரண்டு உள்ளூர்க்காரர்களின் கௌரவப் பிரச்சினையாக மாறியிருக்கும், யாருக்காகத் தொடங்கியதோ அந்தப் பையன் நடுவில் மறந்துபோயிருப்பான். குரலைத் தாழ்த்தியதால் கடைக்காரருக்குப் பின்வாங்க ஒரு வழி கிடைத்தது. முதல் வார்த்தையைப் பையனிடம் சொன்னதால், நீ இங்கே தனியாள் இல்லை என்பது அவனுக்கு மொழி தெரியாமலேயே போய்ச் சேர்ந்தது. இரண்டாவது ஆள் சேர்ந்துகொண்டதும் முக்கியம். ஒருவர் கேட்டால் அது தனிமனிதரின் கோபம். இரண்டு பேர் கேட்டால் அந்த இடத்தின் வழக்கம் அதுதான் என்று ஆகிவிடுகிறது.

படம் பிடித்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். குற்றம் நடக்கும்போது எடுக்கப்படும் காட்சி காவல் நிலையத்தில் பயன்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் பார்க்கட்டும் என்று பரப்பப்படும் காணொளிக்கு அளவும் கிடையாது, முடிவும் கிடையாது. ஐந்து நிமிடக் கோபத்துக்காக ஒருவருடைய பிள்ளைகள் பள்ளியில் தலைகுனிய நேரும் தண்டனையை எந்த நீதிபதியும் கொடுக்கமாட்டார். அதோடு, திட்டு வாங்கியவரின் முகமும் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. அவருடைய அவமானத்தை ஊரெல்லாம் மீண்டும் மீண்டும் பார்க்கும்.

சின்னச் சின்னத் தொல்லைகளுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் செல்போனைச் சத்தமாக வைப்பவர், பேருந்து நிலையத்தில் புகைப்பவர் போன்றோரில் பலர் பக்கத்திலிருப்பவர் மென்மையாக ஒருமுறை சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்காதவருக்குச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் புகைத்தால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 200 ரூபாய் வரை அபராதம். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை 1,000 ரூபாய். ரயில் பெட்டிக்குள் ஆபாசமாகத் திட்டுவதே 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஒவ்வொரு பெட்டியிலும் போலீஸ் நிற்கமுடியாது என்பது உண்மைதான். ஆனாலும் இதெல்லாம் தெரிந்திருந்தால், கேட்பவரின் குரலில் தயக்கம் குறைகிறது.

டவுன் பஸ்களில் நடப்பது இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்துவது, கூடையோடு ஏறும் வயதான அம்மாக்களிடம் சலித்துக்கொள்வது என்று சில அலட்சியங்கள் வழக்கமாகிவிட்டன. அந்தப் பயணத்துக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகக் கொடுக்கிறது. நடத்துநரின் பையிலிருந்து எதுவும் போவதில்லை. இதைச் சீட்டுக்குக் காசு கொடுத்த பயணி சொன்னால் அதற்கு ஒரு தனி எடை இருக்கிறது. அதே பயணி, சில்லறைக்காக நடத்துநரை யாராவது வாய்க்கு வந்தபடி ஏசும்போது அவர் பக்கமும் பேசவேண்டும். நாள் முழுக்க நெரிசலில் நின்றபடி வேலை செய்பவர் அவர்.

முரட்டுத்தனத்தில் ஒரு பகுதி ஏற்பாட்டுக் குறைவிலிருந்து பிறக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. உழவர் சந்தையில் அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கிறது. ஆகவே தக்காளி விலைக்காக அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுக்காரன் என்று திட்டவேண்டிய தேவை எழுவதில்லை. டோக்கன் கொடுக்கிற இடத்தில் முந்துவதும் தள்ளுவதும் குறைகிறது.

ஆனால் எந்தப் பலகையாலும் டோக்கனாலும் தீராத ஒன்று நம் பகுதியில் இருக்கிறது. பெரியார் பிறந்த ஈரோடும், இரட்டை டம்ளர் வைத்திருந்த டீக்கடைகளும் ஒரே கொங்கு மண்ணில்தான் இருந்தன. சாதியைச் சொல்லிப் பொது இடத்தில் ஒருவரை இழிவுபடுத்துவதை “கோபத்தில் வாய் தவறிவிட்டது” என்று யாராவது சமாதானம் செய்தால், அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அது வெறும் மரியாதைக் குறைவல்ல, குற்றம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் அப்படி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைத் தண்டிக்கிறது. ஆனால் பொதுமக்கள் பார்வையில் அது நடந்தது என்று காட்டியாகவேண்டும். அதாவது, அங்கே நின்றிருந்தவர்கள் வாய் திறக்கவேண்டும். பெரியவர் செய்ததுபோல் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிட இங்கே முடியாது. காவல் நிலையத்தில் பெயரும் முகவரியும் கொடுத்து, பின்னாளில் நீதிமன்றத்துக்கும் வந்து நின்றாகவேண்டும்.

பலரும் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஊரில் பேச்சு வரும், ஒரு நாள் கூலியும் போகும். சாட்சிகளுக்குப் பயணச் செலவும் தினப்படியும் கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சாட்சி சொல்லப் போகும் தொழிலாளிக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்புக் கொடுப்பதாகத் திருப்பூரிலும் கரூரிலும் உள்ள முதலாளிகள் முன்வந்து சொன்னால், இன்று தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் சிலராவது தங்கள் பெயரை எழுதிக்கொடுப்பார்கள்.